என் பக்கம் மட்டும் பார்த்திருந்த திரை

கள்ளக்குறிச்சி
24 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

அன்பு மகள் தனுஷாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே புனே மழையில் நீ சளி பிடிக்காமல், வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். உடம்பைத் தவிர மற்றது நலமா என்று கேட்டால் இல்லை, அதற்குத்தான் இந்தக் கடிதம். போன் கையில் இருக்கும்போது தாளும் கவரும் எதற்கு என்று சிரிப்பாய். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ போனில் கேட்டாய், நான் உன் கடை மெஷினில் வைத்துவிட்டு வந்த பிரவுசரும் ஆட்-ஆனும் அப்படியே இருக்குதாம்மா என்று. நான் மூச்சுக்கூட விடாமல், இருக்குடி, அது எங்க போவப் போவுது என்றேன். அது பொய், தனு. நீ வைத்தது ஒன்றுகூட அங்கே இல்லை. இதைப் போனில் ஆரம்பித்தால் பரவாயில்லம்மா விடு என்று நீ பாதியிலேயே சொல்லிவிடுவாய், நானும் அதையே சாக்காக வைத்து மீதியை விழுங்கிவிடுவேன். தாள் குறுக்கே பேசாது, அதனால் எழுதுகிறேன்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா ஷேர் ஆட்டோவுக்குப் புது டயர் போட்டிருக்கிறார், புது மாப்பிள்ளை மோதிரத்தைப் பார்க்கிற மாதிரி நாளைக்கு நாலு தடவை குனிந்து பார்க்கிறார். முட்டி வலிக்கு மாத்திரை வாங்கி வைத்தால் சாப்பிடுவதில்லை, நீ போனில் ஒரு சத்தம் போடு. கச்சிராயபாளையம் ரோட்டில், ஊராருக்கு ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத்தருகிற நம் கடைக்கு முன்னால் கால்வாய் வெட்டிப் போட்டு மூன்று மாதம் ஆகிறது, வெட்டினவர்களைக் காணோம், வருகிறவர்கள் பலகை மேல் ஏறி வருகிறார்கள், ஒரு கிழவர் போன வாரம் விழுந்து எழுந்தார். இதற்கெல்லாம் கத்துவதற்கு எனக்குச் சொல்லித்தர வேண்டாம், உனக்கே தெரியும். ஆனால் இந்தக் கத்தலே என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

நீ பொங்கலுக்கு வந்தபோது இரண்டு நாள் கடையில் உட்கார்ந்து எல்லாம் செய்துகொடுத்தாய். பயர்பாக்ஸ் போட்டாய், அதோடு ஒட்டிக்கொண்டு விளம்பரத்தைத் தடுக்கிற ஆட்-ஆன் ஒன்றே ஒன்று வைத்தாய், அரசாங்கத் தளங்களின் சரியான முகவரியை எல்லாம் தேடி எடுத்து, அழுத்தினால் நேரே திறக்கிற மாதிரி மேலே வரிசையாக நட்சத்திரம் போட்டு வைத்தாய். வேலைக்கு இது போதும்மா, ஆட்-ஆன் கம்மியா இருந்தாதான் நல்லது, எதுனா சைட் வம்பு பண்ணா அந்த ஒரு சைட்டுக்கு மட்டும் தடுப்பை நிறுத்து, மொத்தமா எடுத்துடாத, தேடிப் போகாத, நட்சத்திரத்துல இருந்து திற என்று படித்துப் படித்துச் சொன்னாய். நான் தலையாட்டினேன். மார்ச்சில் ஒரு நாள் கடையில் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள், ஒரு பக்கத்தில் பத்திரத்தை ஏற்றுகிற பட்டனே வரவில்லை. ஒரு சைட்டுக்கு மட்டும் எப்படி நிறுத்துவது என்று நீ காட்டினது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. பின்னால் இருந்து ஒருவர், இன்னாம்மா பொட்டி தூங்குதா என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. தடுப்பானை மொத்தமாக எடுத்தேன், அதற்கும் வரவில்லை என்றதும் கை பழகின பழைய பிரவுசருக்கே போய்விட்டேன். உன் நட்சத்திரங்கள் எல்லாம் பயர்பாக்ஸோடு போயின. அன்றைக்கு வேலை முடிந்தது, மறுநாள் திரும்ப வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த மறுநாள் வரவே இல்லை.

ஏப்ரலில் போட்டோ தொல்லை. எந்த விண்ணப்பம் என்றாலும் போட்டோ இருபது கேபிக்குள், கையெழுத்து பத்து கேபிக்குள் என்று கேட்பார்கள், உனக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் சுருக்குவதற்குள் பத்து நிமிடம் போகிறது. தேடினேன், முதல் வரியிலேயே ஒரு விளம்பரம், இலவசம், ஒரே அழுத்தில் போட்டோ சுருங்கும் என்று. அழுத்தினால் ஆட்-ஆனைச் சேர்க்கவா என்று ஒரு பெட்டி வந்தது. நீங்கள் பார்க்கும் எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும் இதற்கு அனுமதி உண்டு என்று அதில் எழுதியிருந்தது. தமிழில்தான் எழுதியிருந்தது, தனு. இங்கிலீஷ் புரியவில்லை என்று சொல்லிக்கொள்ளக்கூட வழி இல்லை. நான் படிக்கவில்லை, அழுத்தினேன். இதை இப்போது எழுதும்போது என் அப்பாதான் கண்ணில் நிற்கிறார். வடக்கனந்தலில் நம் தெருவுக்குக் கொடுத்த வீட்டுமனையை, வாய்க்கால் வேலைக்கு ஆள் கணக்கு எடுக்கிறோம் என்று ஒருவர் நீட்டின தாளில் கைநாட்டு வைத்து இழந்த மனுஷன் அவர். அந்தக் கதையை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன், படிக்காத ஜனங்களை எப்படி ஏமாற்றினார்கள் பார் என்று. மலையிலிருந்து வருகிறவர்களிடம் எத்தனை தடவை அதட்டியிருப்பேன், எதில் கை வைக்கிறோம் என்று கேட்டுவிட்டு வையுங்கள் என்று. அவருக்கு எழுத்து தெரியாது. எனக்குத் தெரியும்.

போட்டோ நன்றாகத்தான் சுருங்கியது. கூடவே தேடுகிற பக்கம் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி ஆகியிருந்தது, கலர் மாறியிருக்கிறது, அப்டேட் ஆகியிருக்கும் என்று விட்டுவிட்டேன். ஜூன் மாதம் வெள்ளிமலைக்கு மேலே ஒரு குக்கிராமத்தில் இருந்து செவ்வந்தி என்று ஒரு பிள்ளை அவள் அம்மா தைலம்மாளோடு வந்தாள். பிளஸ் டூ முடித்து நல்ல மார்க். அவர்கள் ஊரில் சயின்ஸ் எடுத்துத் தேறின முதல் பெண். நர்சிங் டிகிரிக்கு அரசு கவுன்சலிங்கில் போடவேண்டும். அவர்கள் ஊரில் டவர் கிடையாது, ஒரு பாறை மேல் ஏறினால்தான் ஒரு கோடு வரும். அதனால் மலை ஜனங்களுக்கு எப்போதும் நான் செய்கிற மாதிரியே போன் நம்பர் என்று கேட்ட இடத்தில் கடை நம்பரைப் போட்டேன், மெயிலும் கடை மெயில், பாஸ்வேர்டும் நானே. எங்கள் கடை வழக்கம் உனக்குத் தெரியும், மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஸ்டூலில் அவர்கள், திரை என் பக்கம். நான் கேட்பேன், அவர்கள் சொல்லுவார்கள். தேடினேன், முதலில் வந்ததைத் திறந்தேன். அரசு முத்திரை இருந்தது, எல்லாம் இருந்தது. முகவரியின் கடைசியில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. எல்லாச் சான்றிதழையும் ஏற்றி முடித்ததும் முந்நூறு ரூபாய் கட்டணம் கட்டு என்று வந்தது.

இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். செவ்வந்தி மாதிரி எஸ்டி பிள்ளைகளுக்கு இதற்குக் கட்டணம் கிடையாது என்று எனக்குத் தெரியும். போன வருஷம்கூட இரண்டு பேருக்குப் போட்டேன், கட்டவில்லை. தெரிந்தவள் நின்று யோசித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா, எழுந்து நின்று கத்தினேன். பார்த்தீங்களா, மலைமேல இருக்கிற புள்ளைங்க கிட்டயும் புடுங்க ஆரம்பிச்சிட்டானுங்க, ரோடு இல்ல, டவர் இல்ல, பஸ் இல்ல, காசு மட்டும் வேணும் இவனுங்களுக்கு என்று. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் ஆமாம் போட்டார்கள். எனக்கு அப்படி ஒரு நிறைவு. தைலம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனாள், வேண்டாம் என்று தடுத்து என் போனிலிருந்தே கட்டினேன், நியாயத்துக்காக நிற்கிறவள் மாதிரி. அந்தத் தளத்தை நடத்தின திருடனுக்கு நான் கையில் எடுத்துக் கொடுத்தது அந்தக் கோபத்தைத்தான். இந்த ஊரில் நடக்காத அநியாயமா என்று நான் எப்போதும் தயாராக இருப்பதால், நடக்காத ஒன்றையும் நடந்ததாக நம்பிவிட்டேன். என் கோபம் பொய்யில்லை, அதில் எனக்கு வெட்கமும் இல்லை, ஆனால் அன்றைக்கு அது கண்ணை மறைத்துக்கொண்டு நின்றது.

ஜூலையில் தரவரிசைப் பட்டியல் வந்தது, செவ்வந்தி பெயர் இல்லை. உதவி எண்ணில் கேட்டால் அப்படி ஒரு விண்ணப்ப எண்ணே கிடையாது என்றார்கள். கடைசித் தேதி முடிந்து இருபது நாள் ஆகியிருந்தது. பக்கத்து மெஷின் சர்வீஸ் கடை கலையரசனைக் கூப்பிட்டேன். ஐந்து நிமிடத்தில் ஆட்-ஆன் பட்டியலைத் திறந்து அந்தப் போட்டோ ஆட்-ஆனைக் காட்டினான். அக்கா, இது வைரஸ் இல்ல, நீங்களா கூப்ட்டு பாய் போட்டு உக்கார வெச்ச விருந்தாளி, மூணு மாசமா தின்னுக்கினு இருக்கான், வந்தவங்க எல்லாரு ஆதாரையும் அவனுக்கு நீங்களே தெறந்து காட்டியிருக்கீங்க என்றான். நான் தேடுகிறதை எல்லாம் அது தன் பக்கத்துக்குத் திருப்பி, போலித் தளத்தை மேலே கொண்டுவந்து வைத்திருக்கிறது. உன் தடுப்பான் இருந்திருந்தால் அந்த விளம்பரமே என் கண்ணில் பட்டிருக்காது. உன் நட்சத்திரம் இருந்திருந்தால் நான் தேடியே இருக்கமாட்டேன். போட்டோவைச் சுருக்க மெஷினோடேயே வந்த பெயிண்ட் போதும் அக்கா, அளவைக் கம்மி பண்ணி சேமிச்சா முடிஞ்சிச்சி என்று கலையரசன் போகிறபோக்கில் செய்து காட்டினான். அது எட்டு வருஷமாக அந்த மெஷினில் இருக்கிறது.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். செவ்வந்தி பாறை மேல் ஏறி போன் பண்ணினாள், அக்கா பேரு வந்துச்சா என்று. சர்வர் கோளாறும்மா, இவனுங்க எப்பவும் இப்படித்தான், நிறையப் பேருக்கு ஏறல என்றேன். அரசாங்கத்தின் மேல் பழி போட்டால் இந்த ஊரில் யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள், அதுவும் நான் சொன்னால். ஆகஸ்ட் பத்தாம் தேதி தைலம்மாள் அவளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். மடியில் கட்டிக்கொண்டு நாலு படி சாமை. கம்ப்யூட்டர் அக்கா, எங்க புள்ளைக்காக கைக்காசு போட்டு சண்டையும் போட்டீங்க, அவனுங்க குடுக்கலன்னா நீங்க இன்னா பண்ணுவீங்க என்று மேஜை மேல் வைத்தாள். அப்புறம் சாதாரணமாகச் சொன்னாள், வயசுப் புள்ளைய வூட்ல சும்மா வெச்சினு இருக்க முடியுமா, என் தம்பி ரொம்ப நாளா கேட்டுக்கினு இருக்கான், தை மாசம் முடிச்சிடலாம்னு இருக்கறம் என்று. செவ்வந்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சாமையை வாங்கி உள்ளே வைத்தேன். அன்றைக்குச் சாயங்காலம்தான் நீ போன் பண்ணினாய். ஒரு பொய் சொன்ன வாய்க்கு இன்னொன்று எவ்வளவு சுலபமாக வருகிறது என்று பார்த்துக்கொள். உன் அப்பா அந்த வாரம் சாமைச் சோறு வடித்து, ருசியா இருக்குது, நீ ஏன் துன்னல என்று கேட்டார். அவரிடம்தான் முதலில் சொன்னேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கால்வாய்க்கு மனு எழுதற உனக்கு மலைக்குப் போறதுக்கு மட்டும் கால் வலிக்குதா என்றார். அவர் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை, உனக்குத் தெரியும்.

போன திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வெள்ளிமலை போய், அங்கிருந்து ஒரு மணி நேரம் நடந்தேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன், போனதும் எல்லாம் மறந்துபோய், தப்பு என்னுதுதான், உன் விண்ணப்பம் போகவே இல்லை, நான் தப்பான இடத்தில் போட்டேன் என்று நின்றபடியே சொல்லிவிட்டேன். தைலம்மாளுக்கு முதலில் புரியவில்லை. அப்ப கவுருமெண்டு ஒண்ணும் பண்ணலியா என்றாள். இல்லை, நான்தான் என்றேன். முறத்தில் இருந்த சாமையைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். எங்க ஊர்ல கரடி வந்தாகூட உருமிட்டுத்தான் வருது, உம் பொட்டிக்குள்ள வந்தவன் ஒரு சத்தமும் குடுக்கலியா என்றாள். ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் வந்தான், நான்தான் படிக்கவில்லை என்று சொன்னேன். அதுவரைக்கும் கம்ப்யூட்டர் அக்கா, நீங்க என்று பேசினவள் அன்றைக்கு நீ என்றுதான் பேசினாள். செவ்வந்தி மட்டும் அழவில்லை. அந்தப் பக்கத்துல கட்டணம்னு எழுதியிருந்துச்சா அக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எங்க டீச்சர் நமக்குக் கட்டணமே கெடையாது, யாராவது கேட்டா குடுக்காதன்னு சொல்லி அனுப்பினாங்க, நீங்க சத்தம் போட்டப்ப சொல்லலாம்னு வாயெடுத்தேன், நீங்க ரொம்பக் கோவமா இருந்தீங்க, திரையும் உங்க பக்கம் இருந்துச்சி, நான் பாத்திருந்தா கேட்டிருப்பேன் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். உன் ஆட்-ஆன் எதுவும் இல்லாமலே அந்தப் பிள்ளை ஒருத்தி போதும், தனு, அன்றைக்கு அந்தத் திருட்டைப் பிடித்திருப்பாள். நான் அவளுக்குத் திரையைக் காட்டவில்லை. எட்டு வருஷமாக யாருக்கும் காட்டினதில்லை. அவர்களுக்கு என்ன தெரியும் என்று நினைத்திருக்கிறேன் போல, அதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, மேஜையைப் போட்ட விதத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

நர்சிங் இந்த வருஷம் போனது போனதுதான், அதை யாராலும் திருப்ப முடியாது. இங்கே அரசுக் கலைக் கல்லூரியில் மீதி இடங்களுக்கு விண்ணப்பம் வாங்குகிறார்கள். அதில் சேர்ந்தால் படிக்கிற பிள்ளை என்று பேர் இருக்கும், அடுத்த வருஷம் நர்சிங்குக்குத் திரும்பப் போடலாம். தைலம்மாளிடம் அரை நாள் பேசினேன். இந்த மாசக் கடைசிக்குள்ள காலேஜ் காயிதம் கையில இருந்தா தம்பிய நிறுத்தி வைக்கறேன், இல்லன்னா நீ என்னைக் கேக்கக்கூடாது என்றாள். சரி என்று இறங்கி வந்தேன். கலையரசன் கடையில் இருக்கிற மெஷின் இரண்டையும் துடைத்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தான். போலீசில் சைபர் புகார் கொடுத்தாயிற்று. ஏப்ரலில் இருந்து கடைக்கு வந்தவர்களை எல்லாம் நோட்டைப் பார்த்துக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பாஸ்வேர்டை மாற்றுங்கள், என்னால்தான் என்று. பாதிப் பேர் திட்டுகிறார்கள், சில பேர் இனி வரமாட்டார்கள். வரவேண்டாம், அது நியாயம்தான்.

வியாழக்கிழமை செவ்வந்தி தனியாகப் பஸ் ஏறி வந்தாள். நான் மேஜையைச் சுவர் ஓரமாக மாற்றி, திரையை இரண்டு பேரும் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்திருந்தேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நீங்க எழுந்திரிங்க அக்கா, நானே அடிக்கறேன் என்றாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். முகவரியை ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்து அடித்தாள். ஒரு விரலால்தான் அடிக்கிறாள். ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போனாள். ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் ஆயிற்று. பின்னால் ஒருவர், இன்னாம்மா பாப்பா பரீட்சை எழுதுதா என்றார், ஆமாம் உட்காருங்க என்றேன். போன் நம்பர் கேட்ட இடத்தில், கடை நம்பர் போடட்டுமா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். வேணாம் அக்கா, புது சிம் வாங்கினு வந்தேன், பாறை மேல ஏறிப் பாத்துக்கறேன் என்றாள். விண்ணப்பக் கட்டணம் என்ற இடத்தில் இல்லை என்று வந்தது. அதையும் சத்தமாகப் படித்தாள், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ அங்கிருந்தே என் மெஷினுக்குள் வந்து எல்லாம் சரிசெய்து தருகிறேன் என்று சொல்லுவாய், செய்யாதே. பயர்பாக்ஸ் நானே இறக்கிப் போட்டுவிட்டேன், தடுப்பானை இன்னும் போடவில்லை. எதைப் போடவேண்டும், அது என்ன அனுமதி கேட்கும், ஏன் கேட்கும், ஒருத்தர் எழுந்து போனதும் அவர் திறந்ததெல்லாம் தானாக அழிகிற மாதிரி ஜன்னலை எப்படித் திறப்பது, இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அனுப்பு. நீ செய்துவைத்ததை நான் காக்கவில்லை, ஏனென்றால் அது என்ன செய்கிறது என்றே எனக்குத் தெரியாது. இந்தத் தடவை படித்துவிட்டுத்தான் அழுத்துவேன். நீ பொங்கலுக்கு வந்தபோது கடை மெஷினில் உன் ஆபீஸ் மெயிலைத் திறந்தாய், அந்த ஆட்-ஆன் வந்தது அதற்கப்புறம்தான் என்றாலும் இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றிவிடு, மறந்துவிடாதே. எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைக்கிற புத்தி என்னிடமிருந்துதான் உனக்கு வந்திருக்கும், அதையும் விடு. உன்னிடம் பொய் சொன்னதற்கு மன்னித்துக்கொள்.

கல்லூரிப் பட்டியல் வெள்ளிக்கிழமை வருகிறது. நான் பார்க்க முடியாது, பாஸ்வேர்டு அவளிடம் இருக்கிறது. அவள் பாறை மேல் ஏறிப் பார்த்துவிட்டு, எனக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றினால் சொல்லுவாள். சாமை இன்னும் இரண்டு படி மீதி இருக்கிறது, அதுவரை தொடமாட்டேன்.

நீ நினைத்த காரியம் எல்லாம் கைகூடி, நோய்நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல் நல்லா இருக்கவேண்டும் என்று உன்னை வாழ்த்துகிறோம். அப்பாவின் முத்தமும் இதில் இருக்கிறது. குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே.

உன் அம்மா
அ. எழில்மதி